மத்தளமும் சாக்ஸபோனும் ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: திருகோணமலையில் நாங்கள் நாலு பேர்: அல்டோ சாக்ஸபோன், கிற்றார், பேஸ், மத்தளம். நாட்டார் மெட்டில் ஜாஸ் வாசித்தால் ஆளுக்கொரு பக்கம் போகிறது. என்ன செய்யலாம்?

பெரும்பாலும் குழப்பம் கிற்றாரில்தான். கிற்றார்காரர் கோவிக்க வேண்டாம். மோகன ராகச் சாயல் மெட்டை சி சுருதியில் எடுத்தால் அதில் வருவது சி, டி, ஈ, ஜி, ஏ மட்டும். ஜாஸ் பழக்கத்தில் ஜி செவன் கோட் (சில சுரங்களை ஒன்றாக மீட்டுவது) விழுந்தால் பி, எஃப் இரண்டும் உள்ளே வந்துவிடும். மெட்டின் நிறம் அங்கேயே போச்சு. அந்த ஐந்து சுரங்களே உள்ள சி சிக்ஸ்-நைன் கோட் ஒன்றோடு கிற்றார் நிற்கட்டும், பேஸ் சட்ஜம் (சி), பஞ்சமத்தை (ஜி) விட்டு நகர வேண்டாம். மனோதர்மம் (அந்த நேரத்துக் கற்பனை வாசிப்பு) முழுக்க சாக்ஸுக்கு. 1970களில் ஜோன் மக்லாக்லின், சாகிர் ஹுசைன், விக்கு விநாயக்ராம், எல். சங்கர் சேர்ந்த ‘சக்தி’ என்ற இந்திய-ஜாஸ் இசைக் குழுவைக் கேளுங்கள். கோட் வரிசையை நம்பியா வாசிக்கிறார்கள்?

சுருதி அடுத்தது. அல்டோ ஈ-பிளாட் வாத்தியம்: அதில் சி பிடித்தால் ஈ-பிளாட் கேட்கும். ஒரு கட்டை (சி) சுருதிக்கு சாக்ஸ்காரர் ஏ பிடிக்க வேண்டும், ஐந்து கட்டைக்கு (ஜி) ஈ. கடற்கரை மேடையில் ஈரக்காற்றுக்கு மத்தளத் தோல் தளர்ந்து இறங்கும், ஊத ஊதச் சூடாகி சாக்ஸ் ஏறும். அதனால் வீட்டில் சேர்த்த சுருதியை நம்ப வேண்டாம். மத்தளத்தை அரை மணி நேரம் மேடையிலேயே வைத்து, சாக்ஸைப் பத்து நிமிடம் ஊதிய பிறகு சேருங்கள். அப்போதும் சாக்ஸ் ஏறி நின்றால் மௌத்பீஸைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் சரி.

ஜாஸின் துள்ளல் நடையான ஸ்விங் வேண்டுமென்றால் திஸ்ர நடை (அடிக்கு மூன்று) மெட்டாக எடுங்கள். ஸ்விங்கும் அடியை மூன்றாகத்தான் பிரிக்கிறது. அடியை நாலாகப் பிரிக்கும் சதுஸ்ரத்தில் ஸ்விங் போட்டால் சாக்ஸின் இரண்டாம் பாதி மத்தளத்துக்குப் பிந்தி விழும். மிஸ்ர சாப்பு (ஏழு எண்ணிக்கைத் தாளம்) என்றால் பேஸ் 1, 4, 6இல் மட்டும் தட்டட்டும். சோலோவை முடிக்கத் தலையாட்டிக் காட்டுவதெல்லாம் சரிவராது. மத்தளம் தீர்மானத்தை (முடிவுச் சொற்கட்டை) மூன்று தரம் வாசித்தால் எல்லாரும் சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) இறங்கலாம். சாக்ஸும் மத்தளமும் நாலு, இரண்டு, ஒன்று என ஆவர்த்தனம் (தாளச் சுற்று) குறைத்து மாறி மாறி வாசிப்பதும் நன்றாக எடுபடும்.

கூத்து மத்தளத்தைக் கெடுக்கிறார்கள் என்று சிலர் வருவார்கள். அண்ணாவியார் (கூத்து ஆசிரியர்) கூத்தில் வாசிப்பதை யாரும் மாற்றச் சொல்லவில்லையே.

உண்மையில் கெடுப்பவர்கள் சவுண்ட்ஸ்காரர்கள். சீசனில் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் பாருங்கள்: கிற்றாருக்கு நல்ல லைன், மத்தளத்துக்கு நடுவில் ஒரே மைக், அதிலும் எக்கோ. தொப்பியும் (இடப்பக்கம்) கேட்காது, சொல்லும் (தாளச் சொற்கட்டு) கலங்கும். வலந்தலைக்கு (வலப்பக்கம்) ஒன்று, தொப்பிக்கு ஒன்று, ஒரு சாண் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். எக்கோவை முழுதாக நிறுத்தும்வரை வாசிக்கத் தொடங்க வேண்டாம்.