ஃப்ளாஷ் க்யூருக்கு தனி லைன் வேணுமா?

கேள்வி: திருப்பூர்ல சின்னதா ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறை வச்சிருக்கேங்க. 6 கிலோவாட் ஃப்ளாஷ் க்யூரை (பிரிண்ட் மையை சூட்டுல காயவைக்கிற ஹீட்டர்) 16 ஆம்ப் பிளக்லதான் ஓட்டுறோம், பின் கருகிப்போகுது. புது பிளக் மாத்தினா போதுமா?

பதில்: போதாதுங்க. 6000 வாட்டை 230 வோல்ட்டால வகுத்துப் பாருங்க, 26 ஆம்ப் வருது, அந்த பிளக் எப்படித் தாங்கும்? இன்னைக்கே நிறுத்திடுங்க. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வச்சு பேனல்ல இருந்து தனி லைன் இழுங்க, 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், 32 ஆம்ப் எம்சிபி (லோடு மீறினா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்), எர்த் கட்டாயம், மெஷின் பக்கத்துலயே கைக்கெட்டுற மாதிரி ஐசோலேட்டர் (கரண்ட்டை முழுசா துண்டிக்கிற சுவிட்ச்), அதை மெஷினுக்குப் பின்னாடி மட்டும் மாட்டிடாதீங்க, தீப்பிடிச்சா சூட்டைத் தாண்டிப் போய் ஆஃப் பண்ண முடியாது. ஸ்க்ரீன் கழுவுற ஈரமான இடத்துக்கு 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற சுவிட்ச்) இல்லாம ஆளை விடவே கூடாதுங்க. கன்வேயர் டிரையர் (பிரிண்ட் ஆன துணியை பெல்ட்டுல ஓடவிட்டு காயவைக்கிற மெஷின்) இருந்தா முதல்ல ஹீட்டரை ஆஃப் பண்ணி, சூடு ஆறுற வரைக்கும் பெல்ட்டை ஓடவிட்டு அப்புறமா மெயினை இறக்குங்க, இல்லேன்னா பெல்ட் கருகிடும்.