ஒஹாயோ ஸ்டேட் 2024: ரேங்க் 6, சீட் 8 ஏன்?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணியான ஒஹாயோ ஸ்டேட் உங்கள் அட்டவணையில் 2024 தரவரிசையில் (ரேங்க்) 6, பிளேஆஃபில் (சாம்பியனை முடிவு செய்யும் நாக்-அவுட் சுற்றுகள்) 8ஆவது சீட் (அதில் தரப்படும் வரிசை எண்), எங்கே தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அட்டவணை சரிதான். அந்த சீசனில் முதல் 4 சீட் கான்ஃபரன்ஸ் (அணிகள் சேர்ந்து ஆடும் லீக்) சாம்பியன்களுக்கு மட்டும். அவர்களுக்கு முதல் சுற்று ஆடாமலே காலிறுதி. அதனால் 9ஆம் ரேங்க் பாய்ஸி ஸ்டேட் 3ஆவது சீட்டுக்கும், 12ஆம் ரேங்க் அரிசோனா ஸ்டேட் 4ஆவதுக்கும் ஏறின. ஒஹாயோ இரண்டு படி இறங்கியது. அசட்டு விதி, 2025இல் எடுத்துவிட்டார்கள்.

கடைசி லீக் ஆட்டத்தில் மிச்சிகனிடம் சொந்த மைதானத்திலேயே 13-10 தோல்வி, ஒஹாயோவின் கான்ஃபரன்ஸான பிக் டென்னின் இறுதி ஆட்ட வாய்ப்பு போச்சு. பிறகு பிளேஆஃபில் வரிசையாக வெற்றி: டென்னசி 42-17, ஆரிகன் 41-21, டெக்சஸ் 28-14, நோட்டர் டேம் 34-23. உங்கள் அட்டவணையில் ரேங்க், சீட் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போடுங்கள். சலுகை பெற்ற நான்கு அணிகளும் காலிறுதியிலேயே தோற்றது வேறு கதை.