வீடியோ கேம் ஆர்வத்தை வைத்து ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்க முடியுமா?

தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்திருக்கிறேன், சொற்பட்டியலை மனப்பாடம் செய்தால் ஒரே வாரத்தில் மறந்துபோகிறது, கேம் என்றால் உயிர், இதை வைத்து ஏதாவது செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் செய்யலாம். ஆனால் கேம் ஆடுவதால் மட்டும் கிடைக்கும் சொற்கள் கொஞ்சம்தான். ஜம்ப், ரீலோடு, ஹெல்த், லெவல் என்று ஒரு சின்ன வட்டத்துக்குள்ளேயே சுற்றும். அந்த கேம்களை யார் உருவாக்கினார்கள், யார் விற்றார்கள், யாருக்கும் யாருக்கும் சண்டை வந்தது என்ற கதைகளை ஆங்கிலத்தில் படியுங்கள். பணம், ஒப்பந்தம், வழக்கு, நஷ்டம், துரோகம் எல்லாம் அதில் இருக்கிறது. நாளைக்கு வேலைக்குப் போனால் உங்களுக்கு வேண்டிய சொற்கள் அவைதான். நானும் தமிழ்வழியில் படித்தவன். இப்போது என் வேலையே ஒப்பந்தங்களை வரிவரியாகப் படித்துப் பார்ப்பது. அதில் புழங்கும் சொற்களில் பலவற்றை நான் முதன்முதலில் பார்த்தது, மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கி ஆடும் டெட்ரிஸ் கேமின் கதையில்.

அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். 1984ல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பாஜித்னோவ் டெட்ரிஸை எழுதினார். அவரிடம் இருந்த எலெக்ட்ரானிகா 60 கணினியில் படம் வரையும் வசதி கிடையாது. அடைப்புக்குறிகளை வைத்தே கட்டங்களைக் காட்டினார். கைக்குக் கை மாறி அது ஹங்கேரி வரை போனது. அங்கே அதைப் பார்த்த ராபர்ட் ஸ்டைன் என்ற வியாபாரி, உரிமை கேட்டு மாஸ்கோவுக்கு எழுதினார். சாதகமாக ஒரு பதில் வந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருந்த நிறுவனங்களுக்கு உரிமையை விற்றுவிட்டார். வாங்கியவர்கள் அதை வேறு நிறுவனங்களுக்கு விற்றார்கள். லைசென்ஸ், சப்லைசென்ஸ், ராயல்டி (விற்பனையில் உரிமையாளருக்குக் கிடைக்கும் பங்கு), பைண்டிங் (சட்டப்படி கட்டுப்படுத்துவது) ஆகிய நான்கு சொற்களும் இந்த இடத்திலேயே வந்துவிடும். யார் யாரிடம் எதை விற்றார்கள் என்று கதையைத் தொடர வேண்டுமென்றால் அவை புரிந்தே ஆக வேண்டும்.

1989 பிப்ரவரியில் இன்னும் சூடு பிடிக்கிறது. ஸ்டைன், பிரிட்டிஷ் பத்திரிகை அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல்லின் மகன் கெவின், ஜப்பானிய கேம் நிறுவனமான நின்டெண்டோவுக்காகப் பேச வந்த ஹென்க் ரோஜர்ஸ் என மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மாஸ்கோவில் இருந்தார்கள். சோவியத் அரசின் மென்பொருள் ஏற்றுமதி நிறுவனமான எலோர்க்கின் சார்பில் பேசியவர் நிகோலாய் பெலிகோவ். ஸ்டைனிடம் ஒப்பந்தத்துக்கான ஒரு திருத்தத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார். தாமதக் கட்டணம் பற்றிய பகுதியில்தான் ஸ்டைனின் கவனம் இருந்தது. கணினி என்றால் விசைப்பலகை, திரை, டிஸ்க் டிரைவ் எல்லாம் உள்ள இயந்திரம் என்று அதில் ஒரு வரி இருந்தது. வீட்டு டிவியில் மாட்டி ஆடும் கன்சோலும், கையில் பிடித்து ஆடும் கருவியும் அந்த ஒரே வரியால் ஸ்டைனின் உரிமைக்கு வெளியே போய்விட்டன. அவை இரண்டும் நின்டெண்டோவுக்குப் போயின. அதே ஆண்டு நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய் வந்தபோது அமெரிக்காவில் டெட்ரிஸும் சேர்ந்தே விற்றது. போட்டி நிறுவனமான டெஞ்சன் வெளியிட்ட டெட்ரிஸுக்கு நீதிமன்றம் தடை போட்டது, கடைகளிலிருந்து அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. டிஃபைன், எக்ஸ்க்ளூட், அமெண்ட்மெண்ட், பெனால்டி, இன்ஜங்ஷன், ரீகால் எல்லாமே இந்த ஒரு அத்தியாயத்துக்குள் வந்துவிட்டன. எழுதிய பாஜித்னோவுக்கு 1996 வரை ராயல்டியே கிடையாது. இதைப் படித்த பிறகு ராயல்டி என்ற சொல் எப்படி மறக்கும்?

இன்னொரு காரணமும் உண்டு. ஒரே விஷயத்தைப் பற்றி வெவ்வேறு ஆட்கள் எழுதியதை அடுத்தடுத்துப் படிப்பதை ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க மொழியியலாளர் நேரோ ரீடிங் என்று சொல்லிப் பரிந்துரைத்தார். கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் இரண்டாவது கட்டுரையில் உங்கள் கவனம் மொழிக்குப் போகும். அதே சொற்கள் வேறு வேறு வாக்கியங்களில் திரும்பத் திரும்ப வரும். சொற்பட்டியலில் இது நடக்காது.

அப்புறம், நம்மைப் போன்றவர்களை அதிகம் படுத்துவது நீளமான சொற்கள்கூட இல்லை, பேக் அவுட் (பின்வாங்குவது), டர்ன் டவுன் (மறுப்பது), டீம் அப் (கூட்டுச் சேர்வது) மாதிரி இரண்டு துண்டாக வருபவைதான். அதற்கு பிளேஸ்டேஷன் பிறந்த கதையைப் படியுங்கள். 1991 கோடையில் சிகாகோவில் நடந்த மின்னணுக் கண்காட்சியில், நின்டெண்டோவுக்காக சிடி போடும் கன்சோல் ஒன்றைத் தயாரிப்பதாக சோனி அறிவித்தது. மறுநாளே அதே கண்காட்சியில் நின்டெண்டோ, பிலிப்ஸோடு சேரப்போவதாக அறிவித்தது. சிடி விளையாட்டுகளின் உரிமம் சோனியின் கையில் போய்விடும்படி பழைய ஒப்பந்தம் இருந்ததே காரணம். அவமானப்பட்ட சோனியில் கென் குதராகி விடாமல் போராடி, 1994 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷனைக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் இந்தக் கதையைச் சொல்பவர்களுக்கு அந்த இரட்டைச் சொற்கள் இல்லாமல் ஒரு பத்தி நகராது.

காந்தி கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். 1991ல் வந்த சிவிலைசேஷன் கேமில் ஒரு கணக்குப் பிழையால் காந்தி அணுகுண்டு வீசுபவராக மாறிவிட்டார் என்பார்கள். அப்படி ஒரு பிழையே இல்லை என்று அதை உருவாக்கிய சிட் மையர் 2020ல் வந்த தன் நினைவுக்குறிப்பில் எழுதினார். அது வெறும் வதந்தி என்று தெரியவரும் முன்பு வந்த கட்டுரை ஒன்றையும் பின்பு வந்த ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். உறுதியில்லாத செய்தியைச் சொல்லும் ரிப்போர்ட்டட்லி, அலெஜட்லி, சப்போஸட்லி, பொய் என்று காட்டுவதைச் சொல்லும் டிபங்க் ஆகியவை என்ன வேலை செய்கின்றன என்பது அப்போது பிடிபடும். செய்தித்தாள் படிக்கவும் இது உதவும்.

எப்படிப் படிப்பது? சிம்பிள் இங்கிலிஷ் விக்கிப்பீடியாவில் தொடங்குங்கள், வாக்கியங்கள் சின்னதாக இருக்கும். பிறகு அதே தலைப்பில் வழக்கமான ஆங்கில விக்கிப்பீடியா, அதற்குப் பிறகு ஏதாவது ஒரு பத்திரிகைக் கட்டுரை. முதல் முறை அகராதியைத் தொடாமல் கதைக்காக மட்டும் படியுங்கள். இரண்டாவது முறை, தெரியாவிட்டால் கதையே நகராது என்று தோன்றும் சொற்களை மட்டும் பாருங்கள். நோட்டில் எழுதும்போது சொல்லை மட்டும் எழுதாதீர்கள், அது வந்த வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு நோட்டை மூடிவிட்டு நண்பனிடம் கதையை ஆங்கிலத்தில் சொல்லுங்கள். இலக்கணம் தப்பினால் பரவாயில்லை. இந்தக் கடைசிப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பாதிப் பலன் அதில்தான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பழைய ஜப்பானிய கேம்களின் திரையில் வரும் ஆங்கிலத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸீரோ விங் கேமின் மெகா டிரைவ் கன்சோல் பதிப்பில் வரும் "ஆல் யுவர் பேஸ் ஆர் பிலாங் டு அஸ்" என்ற வாக்கியம் தப்பான ஆங்கிலத்துக்காகவே உலகப் புகழ் பெற்றது.

டெட்ரிஸ் முடிந்ததும் அமெரிக்க கேம் நிறுவனமான அடாரியின் ஈ.டி. கதைக்குப் போங்கள். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா ஐந்து வாரத்தில் எழுதி முடித்த கேம் அது, 1982ல் வந்தது. விற்காமல் தங்கியவற்றில் ஒரு பகுதி, மற்ற சரக்கோடு சேர்த்து அடுத்த ஆண்டு நியூ மெக்ஸிகோவில் அலமகோர்டோ குப்பைக்கிடங்கில் புதைக்கப்பட்டது. 2014ல் தோண்டி எடுத்தார்கள். டெட்லைன், சர்ப்ளஸ், லேண்ட்ஃபில் மூன்றும் அங்கே காத்திருக்கின்றன. வார்ஷா பேசும் நேர்காணல்களும் யூடியூபில் கிடைக்கும், காதுக்கும் பயிற்சி ஆகும்.