பத்து நாள் வெறும் தண்ணீர் விரதம்: எப்படித் தயாராவது, எங்கே நிறுத்துவது

கேள்வி: எனக்கு வயது 34, உயரம் 168 செ.மீ., எடை 92 கிலோ. ஒரு வருடமாகத் தினமும் பிரஷர் மாத்திரை ஒன்று போடுகிறேன், மற்றபடி நோய் எதுவும் இல்லை. எடையைச் சட்டென்று குறைக்கப் பத்து நாள் வெறும் தண்ணீர் மட்டும் குடித்து இருக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இதுவரை ஒரு வேளைக்கு மேல் பட்டினி இருந்ததில்லை. ஒரு நாளைக்கு ஐந்தாறு காபி குடிப்பேன். பாதுகாப்பாக இருக்க எப்படித் தயாராவது?

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். பத்து நாளை வீட்டில் தனியாகச் செய்யாதீர்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், இதுவரை ஒரு முழு நாள்கூடப் பட்டினி இருந்து பார்க்காதவர், எடுத்த எடுப்பில் பத்து நாள் என்பதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டாக்டர் பார்த்துச் சரி என்றால் 24 மணி நேரம், அது நன்றாகப் போனால் 36, பழகிய பிறகு மிஞ்சிப்போனால் மூன்று நாள். அதற்கு மேல் என்றால் தினமும் ரத்தம் எடுத்துப் பார்க்கிற வசதி உள்ள இடத்தில், டாக்டரின் கண் முன்னால்தான் இருக்க வேண்டும். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன், அதோடு குறுகிய விரதத்துக்கு எப்படித் தயாராவது என்பதையும் சொல்கிறேன்.

எடைக் கணக்கிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் உங்கள் திட்டமே அதன் மேல்தான் நிற்கிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7700 கலோரி இருக்கிறது. உங்கள் எடைக்கும் வயதுக்கும் ஒரு நாளைக்குச் சுமார் 2300 கலோரி செலவாகும் என்று வைத்துக்கொண்டால், பத்து நாளும் ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தாலும் 23,000 கலோரிதான், அது முழுவதும் கொழுப்பிலிருந்தே வந்தால்கூட 3 கிலோ. ஆனால் எடை மெஷின் ஏழெட்டு கிலோ குறைந்ததாகக் காட்டலாம். மீதி எங்கே போனது? கல்லீரலும் தசையும் சேர்ந்து அரை கிலோ அளவுக்குக் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பை வைத்திருக்கின்றன, அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. முதல் சில நாளில் அது கரையக் கரைய 2 கிலோ வரை போகலாம். இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளும், உப்போடு இன்னும் கொஞ்சம் தண்ணீர் போகும், குடலில் இருப்பதும் காலியாகும். இவையெல்லாம் சாப்பிட ஆரம்பித்த சில நாட்களிலேயே திரும்பி வந்துவிடும். திரும்ப வராமல் போகக்கூடியது தசை. மூளைக்குக் கொஞ்சம் சர்க்கரை எப்போதும் தேவை என்பதால் உடல் புரதத்தை உடைத்து அதைத் தயாரித்துக்கொள்ளும், இந்த இழப்பு அதிகமாக நடப்பதே முதல் வாரத்தில்தான். அதாவது நீங்கள் இருக்க நினைக்கிற அதே நாட்களில்.

இந்த 3 கிலோ கொழுப்பைத் தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் ஆறேழு வாரத்தில் இறக்கிவிடலாம், தசையும் பெரும்பாலும் தங்கும். அவசரம் புரிகிறது. ஆனால் பத்து நாளில் கிடைக்கும் பலன் மெஷினில் தெரிகிற அளவுக்கு இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆங்கஸ் பார்பியரி 1965–66இல் 382 நாள் உணவில்லாமல் இருந்து 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு வந்தார். இந்தத் தகவலைப் பார்த்துவிட்டு ‘அவர் 382 நாள், நான் பத்து நாள்தானே’ என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அவர் ஆஸ்பத்திரி மருத்துவர்களின் கண்காணிப்பில் இருந்தார், ரத்தமும் சிறுநீரும் அடிக்கடி பரிசோதிக்கப்பட்டன, வைட்டமினும் இடையில் பொட்டாசியம், சோடியமும் கொடுக்கப்பட்டன. அதே காலத்தில் இப்படி நீண்ட பட்டினி சிகிச்சைக்குப் போன வேறு சிலர் இறந்தும் போனார்கள், அதனால்தான் மருத்துவ உலகம் அந்த வழியைக் கைவிட்டது.

யார் தொடவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், முதல் வகை சர்க்கரை நோய் உள்ளவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், சிறுநீரக நோய், இதயத் துடிப்புக் கோளாறு, வலிப்பு உள்ளவர்கள், ஏற்கெனவே மெலிந்தவர்கள். கீல்வாதம் (கௌட்) வந்தவர்களுக்குப் பட்டினியில் யூரிக் அமிலம் ஏறி வலி மறுபடி கிளம்பும். பித்தப்பைக் கல் உள்ளவர்களும் வேண்டாம், வேகமாக எடை குறைவதே கல் உண்டாக ஒரு காரணம். இன்னொன்று, இதை மெதுவாகக் கேட்கிறேன், எனக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை: எப்போதாவது சாப்பிட்டதை வாந்தி எடுத்தது, ஒளிந்து நிறையச் சாப்பிட்டது, சாப்பிட்டதற்குத் தண்டனையாகப் பட்டினி கிடந்தது என்று உங்களுக்கு நடந்திருக்கிறதா? நடந்திருந்தால் விரதம் அந்தப் புண்ணை மறுபடி கிளறும். எடையை விட அதற்குத்தான் முதலில் உதவி தேட வேண்டும்.

சரி, தயாரிப்புக்கு வருவோம். விரதத் தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள், பார்க்கும்போது மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் போங்கள். பிரஷர் மாத்திரைகள் பலவற்றில் சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் மருந்தும் கலந்திருக்கும், அட்டையைப் பார்த்தால்தான் தெரியும். விரதத்தில் உப்பும் தண்ணீரும் தானாகவே வெளியேறி ரத்த அழுத்தம் இறங்கும், மாத்திரை அதை இன்னும் இறக்கும், காலையில் எழுந்து பாத்ரூம் போகும்போது கண் இருட்டி விழுவது இப்படித்தான். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது, அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். இதைப் படிக்கிற வேறு யாராவது சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு மாதிரியானவை வெறும் வயிற்றில் சர்க்கரையை அபாயமாக இறக்கிவிடும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் எடுக்கிறவர்களுக்குப் பட்டினியில் ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து உண்டு, அப்போது சர்க்கரை அளவு ஏறக்குறைய இயல்பாகவே காட்டலாம் என்பதால் ஏமாந்துவிடுவோம். தலைவலிக்குப் போடும் இப்யூபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் காலி வயிற்றுக்கும் தண்ணீர் குறைந்த சிறுநீரகத்துக்கும் ஆகாது. லித்தியம் எடுக்கிறவர்கள் டாக்டர் சொல்லாமல் ஒரு நாள்கூட விரதம் இருக்க வேண்டாம்.

பரிசோதனை என்றால் சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், பாஸ்பரஸ், கிரியேட்டினின், யூரிக் அமிலம், சர்க்கரை, ஹீமோகுளோபின், கூடவே ஒரு ஈசிஜி. ஒரு நாள் விரதத்துக்கு இவ்வளவா என்று தோன்றும். நீங்கள் பழகிய பிறகு மூன்று நாள் வரை போகக்கூடும், பிரஷரும் இருக்கிறது, அதனால் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் காபி. ஐந்தாறு காபியை ஒரே நாளில் விட்டால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி பிடிக்கும், அடுத்த நாள் உச்சத்துக்குப் போகும். முதல் விரதத்தைப் பாதியில் விடுகிறவர்களில் பலர் பசியால் விடுவதில்லை, இந்தத் தலைவலியால்தான் விடுகிறார்கள் என்பது என் அனுபவம். பத்து நாள் முன்பிருந்தே இரண்டு நாளுக்கு ஒரு காபி வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

உடலுக்கும் ஒத்திகை வேண்டும். முதல் வாரம் இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் நடுவே 12 மணி நேரம் இடைவெளி, அடுத்த வாரம் 14, பிறகு 16. இது சுலபமாக இருந்தால் ஒரு நாள் இரவு உணவிலிருந்து மறுநாள் இரவு உணவு வரை, அதாவது 24 மணி நேரம். இந்த ஒத்திகையிலேயே தலைசுற்றல், கை நடுக்கம் வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். விரதத்துக்கு முந்தைய மூன்று நாளில் இனிப்பையும் மாவுப் பண்டங்களையும் கொஞ்சம் குறைத்து, காய்கறியும் புரதமும் அதிகமாக, வயிறு முட்டாமல் சாப்பிடுங்கள். மது வேண்டாம். முந்தின நாள் இரவு ‘கடைசி விருந்து’ என்று ஒரு கட்டு கட்டுகிறவர்களுக்குத்தான் மறுநாள் பசி பேயாகப் பிடிக்கும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதும் தயாரிப்புதான். வண்டி ஓட்ட வேண்டிய நாள், பளு தூக்கும் நாள், கடும் வெயிலில் வேலை செய்யும் நாள் வேண்டாம். வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிற நாளாகப் பார்த்து, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று அவரிடம் சொல்லி வையுங்கள். தண்ணீர் தாகத்துக்கு ஏற்ப, இரண்டு இரண்டரை லிட்டர் போதும். நச்சு வெளியேறும் என்று யாரோ சொன்னதை நம்பி ஐந்தாறு லிட்டர் குடிக்காதீர்கள், ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கும், வலிப்பு வரை போகும். உப்பு எவ்வளவு சேர்ப்பது என்பதைப் பிரஷர் இருப்பதால் டாக்டரிடமே கேளுங்கள். பொட்டாசியம் மாத்திரையையோ பொடியையோ நீங்களாக வாங்கிச் சாப்பிடவே கூடாது, சில பிரஷர் மருந்துகளோடு சேர்ந்தால் அது இதயத்தை நிறுத்தும் அளவுக்கு ஏறலாம். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு எழுங்கள், வெந்நீரில் நெடுநேரம் குளிக்காதீர்கள். மெதுவான நடை நல்லது, உடற்பயிற்சி வேண்டாம்.

மயக்கம், நெஞ்சுவலி, துடிப்பு தாறுமாறாக ஓடுவது, பேச்சு குழறுவது, குழப்பம், நிற்காத வாந்தி, சிறுநீர் ரொம்பக் குறைவது: இதில் எது வந்தாலும் அந்த நிமிடமே விரதம் முடிந்தது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி, கூட இருப்பவர் கையில் கொடுங்கள். அந்த நேரத்தில் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்றுதான் நீங்கள் சொல்வீர்கள்.

எல்லோரும் விரதத்துக்குத் தயாராகிறார்கள், விரதத்தை முடிப்பதற்குத் தயாராவதில்லை. நீண்ட பட்டினியில் அதிக ஆபத்து அங்கேதான். பட்டினி நாட்களில் உடலின் பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் கையிருப்பு கரைந்துகொண்டே இருக்கும், ஆனால் ரத்தப் பரிசோதனையில் இயல்பாகவே தெரியலாம். பிறகு ஒரு நாள் வயிறாரச் சாப்பிட்டதும் இன்சுலின் எகிறும், அது இந்த உப்புகளை எல்லாம் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுத்துக்கொண்டு போகும். ரத்தத்தில் அளவு சடாரென்று விழும், இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சு விடும் தசை தளரும், உடம்பு வீங்கும். தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோயிருந்தால் குழப்பமும் தள்ளாட்டமும் வரும். இதற்கு மறுஉணவு நோய்க்குறி என்று பெயர், இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பட்டினி முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்கள் பலர் உணவு கிடைத்த பிறகு இப்படி இறந்தார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு மருத்துவர்களுக்குத் தரும் வழிகாட்டலில், ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவருக்கு முதல் இரண்டு நாள் தேவையில் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது, பத்து நாளைத் தாண்டியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 கலோரிக்கு மேல் போகாமல் தொடங்கி, தயமின் முதலில் கொடுத்து, ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும். நீங்கள் கேட்ட பத்து நாள் எங்கே போய் நிற்கிறது பாருங்கள். நான் மூன்று நாளில் கோடு போடுவது இதனால்தான்.

ஒரு நாள் விரதத்தை முடிக்க இவ்வளவு பயம் வேண்டாம், வழக்கமான உணவில் பாதி அளவு போதும். இரண்டு மூன்று நாள் என்றால் முதலில் சூப், ஒரு மணி நேரம் கழித்து கொஞ்சம் தயிரோ முட்டையோ வெந்த காய்கறியோ, அன்று முழுக்கச் சின்னச் சின்ன அளவாக. ஜூஸ், இனிப்பு, ஒரு தட்டு நிறைய மாவுச்சத்து, இவற்றில் தொடங்காதீர்கள். முழு அளவுக்குப் போக இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். எடை ஒரு கிலோ ஒன்றரை கிலோ ஏறும், அது தண்ணீர், அதைப் பார்த்துப் பதறி உடனே அடுத்த விரதத்தைத் தொடங்க வேண்டாம்.

உங்களுக்கு வேகமாக இறங்க வேண்டும் என்றால், டாக்டர் கண்காணிப்பில் ஒரு நாளைக்கு 800 கலோரி அளவு, புரதமும் வைட்டமினும் கணக்காகச் சேர்த்த உணவுத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் டைரெக்ட் என்ற ஆய்வில் இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த அளவு உணவை மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்தார்கள், ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே இருந்தார்கள். 2017இல் வந்த முடிவு அது. அங்கேயும் முதல் நாளே பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்தினார்கள், பயிற்சி பெற்ற நர்ஸ்களோ உணவு நிபுணர்களோ தொடர்ந்து கவனித்தார்கள், வழக்கமான உணவுக்குத் திரும்புவதற்கு மட்டும் தனியாகச் சில வாரம் ஒதுக்கினார்கள். அட்டையோடு டாக்டரிடம் போகிறீர்கள் அல்லவா, இதற்கு நான் பொருத்தமா என்றும் அப்போதே கேளுங்கள். அவர் பதில் சொல்லும் வரை காபியைக் குறைப்பதையும் இரவு 12 மணி நேர இடைவெளியையும் இன்றைக்கே தொடங்கிவிடலாம், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.