டயாலிசிஸ் செய்யும் அப்பாவின் தோளில் கல் போல ஒரு கட்டி. புற்றுநோயாக இருக்குமா?

எத்தனை வருடமாக டயாலிசிஸ் என்று நீங்கள் எழுதவில்லை. சில வருடங்கள் ஆகியிருக்கும், ரத்தத்தில் பாஸ்பரஸும் ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன். என் அம்மாவுக்கு அப்படித்தான்.

நான் மருத்துவர் இல்லை. கட்டி என்னவென்று படம் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 'இணையத்தில் வைத்தியம் பார்க்கிறாள்' என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அம்மாவுக்கு இடது தோளில் எலுமிச்சை அளவில் தொடங்கியது ஆறே மாதத்தில் சாத்துக்குடி அளவுக்கு வந்துவிட்டது. கையைத் தூக்கித் தலை வார முடியாது. நாங்களும் புற்றுநோய் என்று பயந்து எலும்பு மருத்துவரிடம் ஓடினோம். ஊசி போட்டு உறிஞ்சினால் கரைத்த சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக வந்தது. கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்து மூட்டைச் சுற்றிப் படிந்திருக்கிறதாம். அறுத்து எடுக்க நாளும் குறித்தார்.

தடுத்தவர் சிறுநீரக மருத்துவர். பாஸ்பரஸ் 8.4 இருந்தது, 4.5க்குள் இருக்க வேண்டியது. அது இறங்காமல் அறுத்தால் மறுபடி வளரும் என்றார். அப்புறம் என்னிடம், "பாஸ்பரஸ் மாத்திரையை எப்போது கொடுக்கிறீர்கள் அம்மா?" என்று கேட்டார். சாப்பாட்டோடு வயிற்றில் இருந்தால்தான் அது உணவிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்து மலத்தில் வெளியேற்றும். நான் இரண்டு வருடமாக மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் படுக்கப் போகும்போது கொடுத்திருக்கிறேன். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றும் நினைத்தால் தூக்கம் போய்விடும்.

அந்த மாத்திரையும் கால்சியம் கலந்தது. அதை நிறுத்தி கால்சியம் இல்லாத செவலாமர் மாத்திரை கொடுத்தார், கால்சியத்தை ஏற்றும் வைட்டமின் டி மருந்தையும் நிறுத்தினார். வாரம் இரண்டு டயாலிசிஸ் மூன்றானது. பால், பன்னீர், கோலா எல்லாம் போயிற்று. ஒரு வருடத்தில் கட்டி பாதியாக வற்றியது.

மூன்றாவது நாள் என்றால் செலவு மட்டுமில்லை. டயாலிசிஸ் பிரிவு முதல் மாடியில், லிப்ட் பாதி நாள் ஓடாது. நடக்க முடியாதவர்கள் வரும் இடத்தை ஏன் மாடியில் வைக்கிறார்கள்? நாற்காலியோடு அம்மாவைத் தூக்கித் தூக்கி என் தம்பிக்கு முதுகு போயிற்று. இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் பதிலே இல்லை.

சரி, உங்கள் அப்பாவுக்கு அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது கால்சியம், பாஸ்பரஸ், இவை இரண்டையும் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு மருத்துவர் தரும் அறிக்கையை நீங்களே சிறுநீரக மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர்கள் பேசிக்கொள்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள். எங்களுக்கு யாரும் பேசிக்கொள்ளவில்லை.