கில்ட் தேடுகிறவர்கள் முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள்

வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட், ஃபைனல் ஃபான்டசி 14 என்ற இரண்டு ஒன்லைன் விளையாட்டுகளையும் கொழும்பிலிருந்தே விளையாடி வருகிறேன். சில கில்ட்களில், அதாவது சேர்ந்து விளையாடும் நிரந்தரக் குழுக்களில், உறுப்பினராகவும் ஒன்றில் அதிகாரியாகவும் இருந்திருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

கேள்வி (வெள்ளவத்தை): அண்ணா, வேலை முடிந்து வீடு வர ஏழு மணியாகும். வோர்கிராஃப்டில் ஐரோப்பிய சேர்வரில் ஒரு கில்ட் என்னை எடுக்கத் தயார். ரெயிட் (பெரிய எதிரிகளைக் குழுவாக வீழ்த்துவது) எட்டு முதல் பதினொரு மணி வரை என்று போட்டிருக்கிறார்கள். சேரட்டுமா?

பதில்: அந்த எட்டு மணி யாருடைய எட்டு மணி, தம்பி? மத்திய ஐரோப்பிய நேரம் என்றால், அவர்களுடைய இரவு எட்டு மணி கோடையில் நமக்கு 11.30, குளிர்காலத்தில் 12.30. முடியும்போது கோடையில் இரண்டரை, குளிர்காலத்தில் விடியப்புறம் மூன்றரையாகிவிடும். புதன்கிழமை ரெயிட் என்றால் உங்களுக்கு அது முடிவது வியாழன், காலையில் வேலை இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் மணிக்கூட்டை மாற்றுவதில்லை. அவர்கள் மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மணித்தியாலம் முன்னுக்கும் ஒக்டோபர் கடைசி ஞாயிறு பின்னுக்கும் மாற்றுவார்கள். ஒரு மார்ச் முடிவில் நான் வழக்கம்போல 12.20க்கு உள்ளே வந்தேன். அவர்கள் இரண்டாவது பொஸ்ஸோடு (பெரிய எதிரியோடு) சண்டையில் நின்றார்கள். என் இடத்தில் வேறொரு ஹீலர், அதாவது மற்றவர்களின் காயத்தை ஆற்றுபவர். தலைவர் கோபிக்கவில்லை, "நேரம் மாறிவிட்டதே" என்று மட்டும் எழுதினார். அவர் செய்தது சரி. மிதிக் என்ற மிகக் கடினமான மட்டத்து ரெயிட்டுக்குச் சரியாக 20 பேர் வேண்டும், ஒருவர் பிந்தினால் 19 பேர் காத்திருக்க வேண்டும். அதைவிட எளிதான நோர்மல், ஹீரோயிக் என்றால் 10 முதல் 30 பேர் வரை எத்தனை பேரோடும் போகலாம், அதனால் அங்கே பிந்துவதைப் பொறுப்பார்கள். எந்த மட்டத்தில் ரெயிட் போகிறார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள்.

உங்களுக்கு ஓசியானியா சேர்வர்கள் பொருந்தலாம். சிட்னிக்காரரின் எட்டு மணி நமக்குப் பின்னேரம் மூன்றரைக்குள் வந்துவிடும், அது சரிவராது. ஆனால் சிங்கப்பூர், பேர்த் ஆட்கள் கூடுதலாக உள்ள கில்ட் கிடைத்தால், அவர்களுடைய பத்து மணி நமக்கு ஏழரை. சாப்பிட்டுவிட்டே உட்காரலாம்.

கேள்வி (தெஹிவளை): ஃபைனல் ஃபான்டசியில் ரெயிட் போக எந்த ஃப்ரீ கம்பெனியில் சேர வேண்டும்?

பதில்: ஃப்ரீ கம்பெனி என்பது அந்த விளையாட்டின் கில்ட், ரெயிட்டுக்கு அது தேவையே இல்லை. அதில் 512 பேர் வரை இருக்கலாம், பழகவும் உதவி கேட்கவும் நல்ல இடம். சாவேஜ் என்ற கடினமான ரெயிட்டுக்கு எட்டுப் பேர் போதும். அதற்கென்று நிரந்தரமாகச் சேரும் குழுவை ஸ்டாட்டிக் என்பார்கள், அதைத் தேடுங்கள். ஜப்பானிய சேர்வர் என்றால் அவர்களுடைய இரவு ஒன்பது மணி நமக்குப் பின்னேரம் ஐந்தரை.

கேள்வி (கொட்டாஞ்சேனை): இப்போது சிறந்த கில்ட் எது?

பதில்: நீங்கள் எத்தனை மணிக்கு விளையாடுவீர்கள் என்று தெரியாமல் சொல்ல முடியாது.

கேள்வி (பம்பலப்பிட்டி): உயர்தரம் படிக்கிறேன். போனில் மட்டும்தான் விளையாடலாம், அதுவும் டியூஷன் முடிந்து கொஞ்ச நேரம்.

பதில்: கிளாஷ் ஒஃப் கிளான்ஸ் போதும், தங்கச்சி. அதன் கில்ட்டைக் கிளான் என்பார்கள், அதில் 50 பேர் வரை. இரண்டு கிளான்கள் மோதும் சாதாரண கிளான் வோரில் சண்டை நாள் 24 மணித்தியாலம், அதற்குள் எப்போது வந்தாலும் உங்கள் இரண்டு தாக்குதலையும் செய்துவிட்டுப் போகலாம். பரீட்சை நெருங்கும்போது வோரில் என்னைச் சேர்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (தெமட்டகொடை): விளையாட்டில் உன் பாத்திரத்தைக் கெதியாக வளர்த்துத் தருகிறேன், கடவுச்சொல்லைத் தா என்று கில்ட் அதிகாரி கேட்கிறார்.

பதில்: கொடுக்க வேண்டாம். இன்றைக்கே அந்த கில்ட்டை விட்டு வாருங்கள்.

கேள்வி (மட்டக்குளி): நேரம் நேரம் என்கிறீர்கள். தமிழ் ஆட்கள் சேர்ந்த கில்ட் என்றால் நேரமெல்லாம் தானாகச் சரியாகும். டொரொண்டோ, லண்டன், சென்னை எல்லா இடத்திலும் நம்மவர்கள் இருக்கிறார்களே.

பதில்: அந்த ஆசை எனக்கும் இருந்தது. முயன்றும் பார்த்தோம். டொரொண்டோவில் கோடையில் இரவு ஒன்பது மணி என்றால் இங்கே காலை ஆறரை. லண்டனில் எட்டு மணி என்றால் இங்கே நள்ளிரவு தாண்டி 12.30. ஒரே மொழி பேசினோம், ஆனால் ஒரே நேரத்தில் நாலு பேர்கூடக் கூடவில்லை. சென்னைக்கும் நமக்கும் மணி ஒன்றுதான், தமிழ் கில்ட் வேண்டுமென்றால் அங்கிருந்து தொடங்குங்கள்.

மீண்டும் மட்டக்குளி: சண்டை நடுவில் ஆங்கிலத்தில் யோசித்துப் பேச எனக்கு வராது. தமிழில் "பின்னால வா" என்றால் உடனே விளங்கும்.

பதில்: இதை ஒத்துக்கொள்கிறேன். அவசரத்தில் தாய்மொழிதான் காதில் ஏறும்.

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அக்கா: நான் இரண்டிலும் இருந்தவள். தமிழ் கில்ட்டில் என் குரலைக் கேட்டதும் எந்தப் பள்ளிக்கூடம், எந்த ஒழுங்கை, அப்பா எங்கே வேலை என்று தொடங்கிவிட்டார்கள். நம்மூரில் இரண்டு கேள்வியில் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வெளிநாட்டு கில்ட்டில் யாரும் கேட்கவில்லை.

பதில்: அக்கா சொல்வதை நான் யோசித்திருக்கவில்லை, யோசித்திருக்க வேண்டும். நான் அதிகாரியாக இருந்தபோதும் இப்படிக் கேள்விகள் போனதுண்டு, அக்கறை என்று நினைத்து விட்டுவிட்டேன். தமிழ் கில்ட் நடத்துகிறவர்கள் இதை விதியாகவே எழுதி வையுங்கள்: ஊர், பள்ளிக்கூடம், குடும்பம் பற்றி அவர்களாகச் சொல்லாமல் யாரும் கேட்கக் கூடாது. சேருகிறவர்களும் ஒரு வாரம் மைக்கை மூடி வைத்து, மற்றவர்கள் எப்படிக் கதைக்கிறார்கள் என்று கேளுங்கள். தவறு செய்த புது ஆளிடம் தலைவர் எந்தக் குரலில் பேசுகிறார் என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

கேள்வி (கிருலப்பனை): எந்த கில்ட் நல்லது?

பதில்: மேலே இதே கேள்விக்குப் பதில் இருக்கிறது. நேரத்தைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி (வத்தளை): கரண்ட் போனால் கில்ட்டில் என்ன நினைப்பார்கள்?

பதில்: 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அப்போது நான் இருந்த கில்ட்டின் தலைவர் ஓர் ஆஸ்திரேலியர். எங்கள் பகுதிக்கு எப்போது வெட்டு என்று ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கித் தன் அட்டவணையில் எழுதுவார். என்னை வைத்துச் செய்ய வேண்டிய பொஸ்ஸை முன்னுக்குக் கொண்டுவந்தார். ஒரு நாள் சண்டை நடுவில் எல்லாம் இருண்டது. போன் டேட்டாவில் கில்ட் பேசும் டிஸ்கோர்ட் செயலியைத் திறந்தால், "உன் பாத்திரம் பத்திரமாக இருக்கிறது, போய்த் தூங்கு" என்று எழுதியிருந்தார். சேரும் முன்பே கேளுங்கள்: இணைப்பு அறுந்தால் என்ன செய்வீர்கள்? அதற்கு அவர்கள் சொல்லும் பதிலை வைத்து முடிவெடுங்கள்.

கேள்வி (பொரளை): ஈவ் ஒன்லைன் விளையாட்டில் கோர்ப்பரேஷன் (அங்கே கில்ட்டுக்கு அதுதான் பெயர்) தொடங்கப் போகிறோம். எல்லோருக்கும் எல்லா அதிகாரமும் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். 2009இல் பாண்ட் ஒஃப் பிரதர்ஸ் என்ற மாபெரும் கூட்டணியை அதன் பொறுப்பாளர் ஒருவரே உள்ளிருந்து கலைத்தார். அந்த அதிகாரம் அவர் கையில் இருந்தது, அவ்வளவுதான். கடவுச்சொல்லும் அப்படித்தான், யாருக்கும் வேண்டாம்.

கேள்வி (வெள்ளவத்தை, முதலில் கேட்டவர்): அந்த ஐரோப்பிய கில்ட்டுக்கு என்ன சொல்வது?

பதில்: நேரம் ஒத்துவராது என்று இன்றே எழுதுங்கள்.