கராத்தேவா, ஜூடோவா? முதலில் விழக் கற்றுக்கொடுக்கிறார்களா என்று பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 38. திருச்சியில் தனியார் நிறுவனமொன்றில் கணக்காளராக இருக்கிறேன். இரவு எட்டரைக்கு மேல் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் தனியாக நடந்து வருகிறேன். தற்காப்பு வகுப்பில் சேர ஆசை. ஆனால் மூன்று வருடத்துக்கு முன் படியில் தவறி, வலது முழங்கால் ஜவ்வில் லேசான கிழிசல் ஏற்பட்டது. பிசியோதெரபியில் சரியாகிவிட்டது. இதுவரை எந்த விளையாட்டும் ஆடியதில்லை. அருகில் கராத்தே, ஜூடோ, கிராவ் மாகா (இஸ்ரேலியத் தற்காப்பு முறை), சிலம்பம் எல்லாம் நடக்கின்றன. அடிபடாமல் கற்றுக்கொள்ள எதில் சேரலாம் டாக்டர்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. வகுப்பைத் தேர்ந்தெடுக்க அந்தப் பயத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். கலையின் பெயரைவிட, முதல் இரண்டு மாதம் எதை, எந்த வரிசையில் சொல்லித் தருகிறார்கள் என்பதுதான் உங்கள் முழங்காலுக்கு முக்கியம். புதிதாகச் சேர்பவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று: கையை ஊன்றி விழுவது, பாதம் தரையில் பதிந்திருக்க உடம்பு மட்டும் திரும்புவது, முஷ்டியைத் தப்பாக மடக்கிக் குத்துவது.

விழுவதில் ஆரம்பிப்போம். தடுமாறினால் கை தானாகத் தரையை நோக்கி நீளும். உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். முன்னங்கையிலுள்ள ஆர எலும்பின் நுனியோ, பெருவிரலுக்குக் கீழே உள்ள சிறிய ஸ்காஃபாய்டு எலும்போ முறியும். இந்தப் பழக்கத்தை மாற்றத்தான் ஜூடோவில் ‘உகேமி’ என்ற விழும் பயிற்சி இருக்கிறது. மல்லாந்து விழும்போது மோவாயை நெஞ்சோடு ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் பின்தலை மோதும். முதுகு பலகை மாதிரி விழாமல் தொட்டில் மாதிரி உருள வேண்டும். கைகள் உடம்பிலிருந்து சுமார் 45 டிகிரி விலகி, உள்ளங்கையும் முன்னங்கையும் ஒரே நேரத்தில் பாயைத் தட்ட வேண்டும். அப்போது மூச்சை வெளியே விட வேண்டும். முதலில் படுத்தபடி, பிறகு உட்கார்ந்து, பிறகு குத்தவைத்து, கடைசியில்தான் நின்றபடி. முதல் நாளே நிற்கவைத்துத் தள்ளிவிடுகிற இடத்தில் சேராதீர்கள். தரை விரிப்பு குறைந்தது 4 செ.மீ. கனத்தில் இருக்க வேண்டும்; யோகா பாய் இதற்குப் போதாது. ஸ்கூட்டரிலிருந்து சாய்ந்தாலும் குளியலறையில் வழுக்கினாலும் இந்த ஒரு பாடம் உதவும்.

அடுத்து முழங்கால். சுழன்று உதைக்கும்போது ஊன்றிய காலின் பாதமும் குதிகாலோடு சேர்ந்து திரும்ப வேண்டும். பாதம் ஒட்டிக்கொண்டு இடுப்பு மட்டும் திரும்பினால் அந்த முறுக்கு முழுவதும் முழங்கால் ஜவ்வுக்குப் போகிறது. சேருவதற்கு முன் கண்ணாடி எதிரே ஒரு சோதனை செய்யுங்கள்: நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வலது காலை மட்டும் ஊன்றி எழுந்து உட்காருங்கள். பத்து முறை முடிகிறதா? முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா? சாய்ந்தால் ஆறு வாரம் தள்ளிப்போடுங்கள். அதுவரை வாரம் மூன்று நாள், நாற்காலியைத் தொட்டு எழும் ஸ்குவாட் 10 தடவை வீதம் மூன்று சுற்று, படியேறி இறங்குவது 10 வீதம் மூன்று சுற்று, குதிகாலை உயர்த்தி இறக்குவது 15 வீதம் மூன்று சுற்று. பிறகு பிசியோதெரபிஸ்டிடம் ஒற்றைக்காலில் தாண்டும் தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். வலது கால், இடது காலின் தூரத்தில் 90 சதவீதத்தையாவது தொட்டால் தைரியமாகச் சேரலாம்.

முஷ்டி சின்ன விஷயம் போலத் தெரியும். கட்டைவிரலை உள்ளே வைத்து மடக்கினால் அது உடையும். சுண்டுவிரல் பக்கம் பட்டால் அந்த விரலின் அடி எலும்பு முறியும். ஆள்காட்டி, நடுவிரல் கணுக்கள் இரண்டும்தான் பட வேண்டும், மணிக்கட்டு வளையக் கூடாது. இதற்கெல்லாம் மாதக்கணக்கில் பழக்கம் வேண்டும் என்பதால், தொடக்கத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி அடிப்பதே நல்லது. எதிராளியின் பல் பட்டு விரல் கணுவில் கிழிந்தால், அது எவ்வளவு சின்னக் காயமானாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுக்குள் சீழ் பிடிக்கும்.

இனி எந்தக் கலை? தாவி உதைப்பதும் சுழன்று உதைப்பதும் அதிகமுள்ள டேக்வாண்டோ உங்கள் முழங்காலுக்கு வேண்டாம். ஜூடோவில் விழும் பாடம் அருமை. ஆனால் போட்டிப் பயிற்சியில் எதிராளி உங்கள் காலின் மேலேயே விழக்கூடும் என்பதால் அதைத் தள்ளிவையுங்கள். கராத்தேயில் தொடாமல் பழகும் வகுப்பு பாதுகாப்பானது, ஆனால் யாராவது கையைப் பிடித்து இழுத்தால் என்ன செய்வது என்பதை அங்கே குறைவாகவே பழகுவீர்கள். கிராவ் மாகா அதைத்தான் பழக்குகிறது. பயிற்சியாளருக்குப் பயிற்சியாளர் தரம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். சிலம்பம் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் கால் அசைவுக்கும் பிரமாதமான உடற்பயிற்சி, காயமும் குறைவு. ராத்திரி பஸ் ஸ்டாப்பில் கையில் கம்பு இருக்காது என்பதுதான் குறை.

என் யோசனை: பெண்களுக்கென்று நடக்கும் 12 முதல் 16 மணி நேரக் குறுகியகாலப் பயிற்சி இருந்தால் முதலில் அதை முடியுங்கள். கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களின் 893 முதலாண்டு மாணவிகளிடம் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. இப்படிப்பட்ட ஒரு பயிற்சிதான்; தலா 3 மணி நேரம் வீதம் நான்கு அமர்வுகள். ஒரு வருடத்துக்குள் பாலியல் வன்புணர்வுக்கு ஆளானவர்கள், பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம், கையேடு மட்டும் வாங்கியவர்களில் 9.8 சதவீதம். அந்த 12 மணி நேரத்தில் அடிதடி ஒரு சிறு பகுதிதான். ஆபத்தை முன்கூட்டியே கவனிப்பது, தெரிந்தவரிடமே உறுதியாக ‘வேண்டாம்’ என்று சொல்வது, கூச்சலிடுவது இவையே பெரும்பகுதி. கூச்சலிடவும் ஓடித் தப்பவும் பழக்காமல், வெறும் உதை, குத்து மட்டும் சொல்லித் தரும் இடத்தைத் தற்காப்பு வகுப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பு முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். கடைசிப் பத்து நிமிடத்தை விடாதீர்கள், களைத்துப்போன நேரத்தில்தான் காயம் வரும். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? பதினைந்தைத் தாண்டினால் உங்கள் பாதம் திரும்புவதை யாரும் பார்க்கப் போவதில்லை. 50 கிலோ பெண்ணை 85 கிலோ ஆளோடு ஜோடி சேர்க்கிறார்களா? பிடியில் இருப்பவர் கையால் இரண்டு முறை தட்டியதும் மற்றவர் உடனே விடுகிறாரா, சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு அழுத்து அழுத்துகிறாரா? பயிற்சியாளர் அதைப் பார்த்தும் சும்மா இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் முழங்கால் விஷயத்தைச் சொல்லும்போது “அதெல்லாம் போகப் போகச் சரியாயிடும்மா” என்று பதில் வந்தாலும் அப்படியே.

மோதிரம், வளையல், மெட்டி கட்டாயம் கழற்ற வேண்டும். மெட்டி விரிப்பின் இடுக்கில் மாட்டினால் விரல் கிழியும். கழற்ற வராவிட்டால் மைக்ரோபோர் டேப் சுற்றுங்கள். தாலியைக் கழற்ற மனமில்லை என்றால் கழுத்துப் பிடிப் பயிற்சியில் மட்டும் ஒதுங்கிவிடுங்கள். கண்ணாடி பவர் மைனஸ் 6-க்கு மேல் என்றால் விழித்திரையைப் பரிசோதித்த பிறகே சேருங்கள்.

மறுநாள் தொடையும் தோளும் வலித்தால் பயப்பட வேண்டாம், மூன்று நாளில் போய்விடும். முழங்காலில் ‘டப்’ என்று சத்தம் கேட்டு இரண்டு மணி நேரத்துக்குள் வீங்கினால் உடனே வாருங்கள். விழுந்தபின் கைப் பெருவிரல் அடிக்குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? ஸ்காஃபாய்டு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் கட்டுப்போட்டு 10–14 நாளில் மறுபடி எடுக்க வேண்டும். தலையில் அடிபட்டுக் குழப்பமோ கிறுகிறுப்போ வந்தால் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, மயக்கம் என்றால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தலைக்கவசம் தோல் கிழிவதைத் தடுக்கும்; மூளை குலுங்குவதைத் தடுக்காது.

வாரத்துக்கு இரண்டு வகுப்பு, நடுவில் இரண்டு நாள் இடைவெளி. முதல் மாதக் கட்டணத்தை மட்டும் கட்டுங்கள். ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், வேண்டாம்.